எஸ்.யு.வி. காரில் டிரெய்லர் கொக்கி மாட்டலாமா? ராயப்பன்பட்டி தோட்டம் முதல் குமுளி மலைப்பாதை வரை... தெரிந்துகொள்ள வேண்டியவை!

தேனி மாவட்டம் ராயப்பன்பட்டி. மேகமலை அடிவாரம், சண்முகாநதி அணை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் இந்தப் பகுதி தோட்டங்களுக்கும் பங்கு உண்டு.

இங்கே பல வீடுகளில் ஒரு பொலிரோவோ ஸ்கார்பியோவோ நிற்கும். தோட்டத்துக்குப் போக, மருந்து வாங்க, குடும்பத்தோடு கோயிலுக்குப் போக எல்லாத்துக்கும் அதே வண்டிதான். அப்போது இயல்பாகவே ஒரு யோசனை வரும். "பின்னாடி ஒரு கொக்கி மாட்டி, சின்ன டிரெய்லர் ஒண்ணு கோர்த்துட்டா திராட்சைப் பெட்டி, மருந்து அடிக்கிற மெஷின் எல்லாத்தையும் நாமளே இழுத்துட்டுப் போயிடலாமே?"

யோசனை தப்பில்லை. வெளிநாடுகளில் கோடிக்கணக்கான கார்கள் இப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் பட்டறையில் ஒரு இரும்புத் துண்டை வெல்டு வைத்தால் முடிந்துவிடும் வேலை இல்லை இது. எந்த வண்டிக்கு, எந்தக் கொக்கி, எவ்வளவு எடை, சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிரெய்லர் ஹிட்ச் என்றால் என்ன?

காரின் பின்பக்கம், பம்பருக்குக் கீழே, சேஸிஸோடு சேர்த்து போல்ட் போடப்படும் இரும்புச் சட்டம்தான் ஹிட்ச். அதன் நுனியில் ஒரு உருண்டை இருக்கும். டிரெய்லரின் மூக்கில் இருக்கும் கிண்ணம் போன்ற பாகம் இந்த உருண்டை மேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். வண்டி திரும்பினாலும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினாலும் டிரெய்லர் எல்லா பக்கமும் அசைந்து கொடுக்க இந்த உருண்டைதான் காரணம்.

நம்ம ஊர் டிராக்டரில் துளைக்குள் பின் சொருகி டிரெய்லரைக் கோர்ப்பார்கள். அது மெதுவாகப் போகும் வண்டிக்குச் சரி. துளைக்கும் பின்னுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் 'டக் டக்' என்று இடிக்கும். 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு அந்த இடி ஆகாது.

கம்பெனியிலேயே ஒரு வளையம் இருக்கே, அது போதாதா?

போதாது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். காரோடு வரும் அந்த வளையம், வண்டி சேற்றில் சிக்கினாலோ, பழுதாகி நின்றாலோ கயிறு கட்டி இழுக்க மட்டுமே. நேராக, கொஞ்ச தூரம், கொஞ்ச நேரம் இழுக்கும் வேலைக்கு உருவாக்கப்பட்டது. டிரெய்லர் மூக்கின் எடையைத் தினமும் சுமக்கவோ, வளைவில் பக்கவாட்டு இழுவையைத் தாங்கவோ அது செய்யப்படவில்லை.

பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதற்கே தனி விதி இருக்கிறது. இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் நடுவே இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது.

எந்த வண்டி தாங்கும்?

முதலில் உங்கள் வண்டியின் அடிப்பாகம் எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

பொலிரோ, ஸ்கார்பியோ, தார், ஃபார்ச்சூனர், ஜிம்னி போன்றவற்றில் ஏணி மாதிரி தனி சேஸிஸ் இருக்கும். அதன் மேல்தான் பாடி உட்கார்ந்திருக்கும். ஹிட்ச் போல்ட் போட உறுதியான இடம் இதில் கிடைக்கும்.

கிரெட்டா, பிரெஸ்ஸா போன்றவற்றில் தனி சேஸிஸ் கிடையாது. பாடியும் அடித்தளமும் ஒரே கூடு. இவற்றிலும் ஹிட்ச் மாட்ட முடியும். ஆனால் அந்த மாடலுக்கென்றே வடிவமைத்த ஹிட்ச்சாக இருக்க வேண்டும். பம்பர் தகட்டிலோ, ஸ்பேர் டயர் வைக்கும் தரையிலோ போல்ட் போட்டால் ஒரு நாள் தகடோடு பிய்ந்து வந்துவிடும்.

அடுத்து, வண்டிக் கையேட்டை எடுங்கள். டிரெய்லர் இழுக்கும் அளவு என்று தனியாக ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுக்கவில்லை என்றாலோ, இழுக்கக் கூடாது என்று எழுதியிருந்தாலோ, அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கலாம். வாய் வார்த்தை பின்னால் வாரண்டி பிரச்னை வரும்போது கை கொடுக்காது.

இன்னொரு விஷயம். இன்ஜின் எவ்வளவு இழுக்கும் என்பது பாதிக் கதைதான். எவ்வளவு எடையை வண்டியால் நிறுத்த முடியும் என்பதுதான் முக்கியம். சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் அது தனி பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,300 கிலோ வரை இழுக்கலாம். டிரெய்லரில் பிரேக் இல்லை என்றால் வெறும் 350 கிலோதான். வண்டி ஒன்றே, இன்ஜின் ஒன்றே. பிரேக் இல்லாததால் அளவு கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகக் குறைகிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்!

ஒரு திராட்சைப் பெட்டி 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 25 பெட்டி ஏற்றினால் 500 கிலோ. சின்ன டிரெய்லரின் சொந்த எடை 200 கிலோ. ஆக மொத்தம் 700 கிலோ.

இதில் எவ்வளவு எடை காரின் கொக்கி மேல் உட்கார வேண்டும்? பொதுவாக மொத்த எடையில் 10 சதவீதம் அளவுக்கு இருப்பது நல்லது என்பார்கள். அதாவது 70 கிலோ. பின் சீட்டுக்குப் பின்னால், பம்பருக்கும் வெளியே ஒரு ஆள் எப்போதும் நின்றுகொண்டே வருகிற மாதிரி.

அந்த ஆள் வண்டிக்கு வெளியே நிற்பதால் விளைவு கொஞ்சம் அதிகம். பொலிரோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,680 மில்லிமீட்டர். கொக்கி பின் சக்கர அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், பின் அச்சில் 70 கிலோ அல்ல, சுமார் 96 கிலோ கூடும். முன் அச்சில் சுமார் 26 கிலோ குறையும். ஏற்றம் பலகை மாதிரிதான். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும். முன் சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டீயரிங் பிடிமானமும் பிரேக் பிடிமானமும் குறையும்.

அதனால்தான் காரில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, பின்னால் டிரெய்லரும் இழுக்கக் கூடாது. கொக்கி மேல் உட்காரும் எடையும் காரின் சுமைக் கணக்கில் சேரும்.

மூக்கு எடையைக் குறைத்தால் நல்லதுதானே?

இல்லை, அது இன்னும் ஆபத்து. பெட்டிகளை எல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் அடுக்கினால் மூக்கு மேலே தூக்கும். அப்போது டிரெய்லர் வேகத்தில் வால் ஆட்ட ஆரம்பிக்கும். முதலில் லேசாக இடம் வலம் ஆடும், பிறகு காரையே சேர்த்து ஆட்டும். சுமையில் பாதிக்குச் சற்று அதிகமாக, சுமார் 60 சதவீதம், டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருப்பது போல அடுக்க வேண்டும். கனமான பொருள் கீழே, அச்சுக்குப் பக்கத்தில்.

ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் பதறி பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

ஹிட்ச் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஆன்லைனில் கிடைக்கும் பல ஹிட்ச்களில் அமெரிக்க முறைப்படி கிளாஸ் 1, 2, 3 என்று எழுதியிருக்கும். கிளாஸ் 1 என்றால் 2,000 பவுண்டு, அதாவது சுமார் 900 கிலோ. கிளாஸ் 2 என்றால் 3,500 பவுண்டு, சுமார் 1,590 கிலோ. இதற்கு மேல் கிளாஸ் 3.

கிளாஸ் 3 கொக்கி மாட்டிவிட்டால் உங்கள் வண்டி அவ்வளவு எடையை இழுக்கும் என்று அர்த்தம் இல்லை. அந்த இரும்பு அவ்வளவு தாங்கும், அவ்வளவுதான். கார், ஹிட்ச், உருண்டை, டிரெய்லர் என நான்கில் எதன் அளவு குறைவோ, அதுதான் உங்கள் அளவு.

ஐரோப்பிய ஹிட்ச் தகட்டில் 'டி' மதிப்பு என்று ஒன்று இருக்கும். காரின் எடையையும் டிரெய்லர் எடையையும் டன்னில் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்க வேண்டும். 2.2 டன் கார், 0.75 டன் டிரெய்லர் என்றால் சுமார் 5.5 கிலோ நியூட்டன். தகட்டில் உள்ள எண் இதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

உருண்டை அளவில் கவனம் தேவை. 50 மில்லிமீட்டர் ஒன்று, 2 அங்குலம் ஒன்று. இரண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லை. ஆனாலும் கலந்து மாட்டக் கூடாது. 1⅞ அங்குல உருண்டை இன்னும் சிறியது. பெரிய கிண்ணத்துக்குள் சின்ன உருண்டையைப் போட்டால் பூட்டின மாதிரியே தெரியும். பெரிய பள்ளத்தில் விழும்போது கழன்று வந்துவிடும். உருண்டையின் மேலேயே அளவு பொறித்திருக்கும், கிண்ணத்திலும் இருக்கும். இரண்டையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எப்படி மாட்டுவது?

1. அந்த மாடலுக்கென்று வந்த ஹிட்ச்சையே வாங்குங்கள். சேஸிஸில் கம்பெனி ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளில் அது சரியாக உட்காரும்.

2. சேஸிஸில் வெல்டு வைக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் தன்மை மாறும். விரிசல் வெளியே தெரியாமல் உள்ளே வளரும். வெல்டு வைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் பேட்டரி, எலெக்ட்ரானிக் யூனிட்டுக்கும் ஆபத்து.

3. போல்ட் தரம் முக்கியம். தலையில் 8.8 அல்லது 10.9 என்று எழுதியிருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எண் இல்லாத போல்ட் வேண்டாம்.

4. ஸ்பேனரில் 'கையால நல்லா டைட் வெச்சேன்' என்பது போதாது. டார்க் ரெஞ்ச்சில், ஹிட்ச்சோடு வந்த தாளில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். முதல் பயணம் முடிந்ததும், பிறகு சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

5. சுமை ஏற்றிய டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கியோ, குனிந்தோ நின்றால் உருண்டையின் உயரத்தை மாற்ற வேண்டும்.

6. பொலிரோ, தார் மாதிரி பின் கதவில் ஸ்பேர் டயர் உள்ள வண்டிகளில், டிரெய்லர் கோர்த்த பிறகு கதவு திறக்கிறதா என்று மாட்டுவதற்கு முன்பே அளந்து பாருங்கள்.

லைட் இணைப்பு எப்படி?

டிரெய்லரில் டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் லைட், ரிஃப்ளெக்டர் எல்லாம் வேலை செய்ய வேண்டும். பின்னால் வருகிறவருக்கு உங்கள் காரின் லைட் தெரியாது, டிரெய்லரின் லைட் மட்டும்தான் தெரியும்.

பொதுவாக 7 பின் சாக்கெட் பயன்படும். முதல் பின் இடது இண்டிகேட்டர், மூன்றாவது எர்த், நான்காவது வலது இண்டிகேட்டர், ஆறாவது பிரேக் லைட், ஐந்தும் ஏழும் டெயில் லைட். ஒரு லைட் எரிந்தால் இன்னொன்று மங்குகிறது என்றால், முதலில் எர்த் வயரைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

புது மாடல் கார்களில் வயரை வெட்டி ஒட்டாதீர்கள். கம்ப்யூட்டர் கோளாறு காட்டும், வாரண்டியும் போகும். ரிலே உள்ள தனி வயரிங் கிட் கிடைக்கிறது, அதையே மாட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதுதான் பலரும் கடைசியில் யோசிக்கும் விஷயம். முதலில் யோசிக்க வேண்டியது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு உண்டு, பதிவு எண் உண்டு. இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும் என்கிறது பிரிவு 61.

பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புக்கில் உள்ளதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். காரின் முன்னால் மாட்டும் பம்பர் கம்பிகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசு நடவடிக்கை எடுக்கச் சொன்னதும் இதே பிரிவின் அடிப்படையில்தான்.

அப்படியென்றால் கொக்கி மாட்டுவதற்கு முன்பே, ஹிட்ச் விவரத்தையும் ஆர்.சி. புக்கையும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு போய்க் கேட்பதில் பயன் இல்லை.

டிரெய்லருக்கும் இதே கதைதான். 'டைப் அப்ரூவல்' எனும் தர ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்கினால்தான் பதிவு சுலபம். புனேவில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., நம்ம ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற மையங்கள் வாகனங்களைச் சோதிக்கின்றன. வாங்கும்போது விற்பனைச் சான்றிதழான படிவம் 21, தகுதிச் சான்றான படிவம் 22 இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பதிவு விண்ணப்பம் படிவம் 20. பக்கத்துப் பட்டறையில் கோணச் சட்டமும் பழைய அச்சும் வைத்துச் செய்த டிரெய்லருக்கு இந்தக் காகிதங்கள் எதுவும் வராது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

காரின் பாலிசி தானாக டிரெய்லரையும் சேர்த்துக்கொள்ளாது. டிரெய்லருக்குத் தனி பிரீமியம் கட்டி பாலிசியில் சேர்க்க வேண்டும். ஹிட்ச் மாட்டியதையும் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

பதிவில்லாத டிரெய்லர் கழன்று போய் ஒரு டூ வீலரில் வருகிறவர் மேல் மோதினால் என்ன ஆகும்? நஷ்ட ஈட்டை யார் கொடுப்பது என்ற கேள்வி வரும்போது, இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான். அது இல்லை என்றால் தோட்டத்தை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றவே கூடாது. களை எடுக்கப் போகும் நாலு பேர்தானே என்று ஏற்றினாலும் தப்பு தப்புதான்.

மலைப்பாதையில் போகலாமா?

கம்பம் பள்ளத்தாக்கில் இதுதான் உண்மையான பரீட்சை. ராயப்பன்பட்டியில் இருந்து உத்தமபாளையம், கம்பம் வரை சமவெளி. அதைத் தாண்டி ஏலத் தோட்டம் என்றால் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் மலை. போடிமெட்டு பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

டிரெய்லர் இல்லாமலே இந்த மலை எவ்வளவு கண்டிப்பானது என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2022 டிசம்பரில் சபரிமலை போய்விட்டுத் திரும்பிய ஆண்டிபட்டி பகுதி பக்தர்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து 8 பேர் உயிரிழந்தார்கள்.

இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடையும் காரைப் பின்னால் இருந்து தள்ளும். 12 அடிக்கு ஒரு அடி இறங்கும் சாலையில் 700 கிலோ டிரெய்லர், கிட்டத்தட்ட 58 கிலோ விசையோடு விடாமல் தள்ளிக்கொண்டே வரும். அதை எல்லாம் காரின் பிரேக்கே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும்.

வளைவில் திடீரென்று பிரேக் அடித்தால் டிரெய்லர் காரின் பின்பக்கத்தை வெளியே தள்ளி, பேனாக்கத்தி மடங்குவது மாதிரி இரண்டும் மடங்கிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் காரின் தடத்திலேயே வராது, உள்பக்கம் குறுக்கே வெட்டும். எதிரே பஸ் வந்தால் ரிவர்ஸ் எடுப்பதும் பழக்கம் இல்லாதவருக்கு முடியாத வேலை.

எனவே பிரேக் இல்லாத டிரெய்லரோடு மலை ஏறாமல் இருப்பதே நல்லது. ஏறியே ஆக வேண்டும் என்றால் பிரேக் உள்ள டிரெய்லர், குறைந்த சுமை, ஏறிய கியரிலேயே இறக்கம், பகல் நேரம். நியூட்ரலில் இறங்கவே கூடாது.

கிளம்பும் முன் இதையெல்லாம் பாருங்கள்

* கிண்ணம் உருண்டை மேல் முழுசாக உட்கார்ந்து பூட்டியிருக்கிறதா? மூக்கைத் தூக்கிப் பாருங்கள், கார் பின்பக்கமும் சேர்ந்து தூக்க வேண்டும்.
* பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் மூக்குக்குக் கீழே எக்ஸ் வடிவில் குறுக்காக மாட்டியிருக்கிறதா? கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும்.
* எல்லா லைட்டும் எரிகிறதா? ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள்.
* டிரெய்லர் டயரில் காற்று, வீல் நட்டு இறுக்கம் சரியா?
* எடை மேடையில் ஒரு தடவையாவது முழுச் சுமையோடு எடை போட்டீர்களா? அதிக சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது சட்டம்.

அப்போ, யாருக்கு இது தேவை?

மாதத்தில் சில நாள், சமவெளியில், 500 கிலோவுக்குள் சுமை, காகிதம் எல்லாம் பக்காவாக வைத்துக்கொள்ளத் தயார் என்பவர்களுக்கு ஹிட்ச் பயனுள்ள விஷயம். மருந்து அடிக்கும் மெஷின், ஜெனரேட்டர் போன்றவற்றைத் தோட்டம் தோட்டமாக மாற்ற ரொம்ப வசதி.

தினமும் சந்தைக்குச் சரக்கு போக வேண்டும், அடிக்கடி மலை ஏற வேண்டும் என்றால் ஒரு லோடு ஆட்டோவோ, பிக்கப் வேனோ வாடகைக்குப் பிடிப்பதுதான் லாபம். அதில் சுமைக்கென்றே செய்த பிரேக்கும், சுமைக்கென்றே எடுத்த பர்மிட்டும் இருக்கிறது.

கொக்கி மாட்டுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் அது நம் வண்டிக்குப் பின்னால் வருகிற குடும்பத்தின் உயிரையும் சேர்த்துக் கோர்க்கும் கொக்கி. மாட்டுவதற்கு முன் கையேடு, ஆர்.டி.ஓ. ஆபீஸ், இன்சூரன்ஸ் என மூன்று இடத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.